ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்து

போன மாசம் எங்கள் வட்டார மருந்துக்கடைக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. வழக்கமான பேச்சுதான். ஆன்லைன் விற்பனை, காலாவதி மருந்தைத் திரும்ப எடுக்க மறுக்கும் மொத்த வியாபாரிகள், பார்மசிஸ்ட் கிடைக்காத சிரமம். சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சு வலி மாத்திரைக்கு வந்தது. பக்கத்து ஊரில் ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் மூன்று பையன்கள் போதைக்காக வலி மாத்திரை கேட்டு, இல்லை என்றதும் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் கையில் கட்டோடு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. மூத்தவர் ஒருவர் எழுந்து, "இந்த வலி மாத்திரை அத்தனையையும் நார்கோடிக் லிஸ்ட்ல தள்ளிரணும். நாம வைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அதோட பிரச்சனை முடிஞ்சுது" என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். என் கை மட்டும் எழவில்லை.

நான் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. 2022-க்கு முன்னால் இந்தக் கூட்டம் நடந்திருந்தால் முதலில் கைதட்டியவன் நானாகத்தான் இருந்திருப்பேன். ஏன் தட்டவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ரெண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரிந்த வீட்டுப் பையன்

கூட்டத்தில் பேசியவர்களின் கோபம் பொய்க் கோபம் இல்லை. அந்தக் கோபத்துக்கு என்னிடமே ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவன் எங்கள் தெருவில் வளர்ந்தவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். பைக்கில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, எலும்பு டாக்டர் டேப்பென்டடால் என்ற கடும் வலிக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாளைக்கு. சீட்டு சரியான சீட்டு, வலியும் நிஜமான வலி. கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதே சீட்டோடு வந்தான். "இன்னும் வலிக்கி அண்ணாச்சி" என்றான். கொடுத்தேன். மூன்றாவது தடவை சீட்டின் ஜெராக்ஸ் மட்டும் வந்தது. தெரிந்த பையன், தெரிந்த குடும்பம், கடையில் கூட்டம் வேறு. அப்போதும் கொடுத்தேன். அதே மாதிரி இன்னொரு வலி மாத்திரையான டிராமடால் 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் என் கடைக்கு டேப்பென்டடால் கேட்டு வருகிறவர்கள் கூடியிருந்தார்கள். அதைக் கவனித்தும் இருந்தேன். இருந்தும் அவனை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாலாவது தடவை சில்லறை வாங்கக் கையை நீட்டினான். முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. முழங்கை மடிப்பில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், அதற்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை, வேறு எங்கோ வாங்கினான். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? அதை உருட்டிப் பிடித்து வைக்கும் டால்க்கும் மாவும் கரையாமல் ரத்தக் குழாயில் போய் அடைக்கும். ரெண்டு மாசத்தில் அவனுக்குக் கையில் சீழ் கட்டி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கீறி எடுத்தார்கள்.

அவனுடைய அப்பா கட்டுத் துணி வாங்க என் கடைக்குத்தான் வந்தார். வாங்கிப் பையில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அவன் முதமுதல்ல வாங்குனது உங்க கடையிலயா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் காசை எண்ணி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் எதிரே வந்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாசகம் வாயில் ஏறிக்கொண்டது. "அந்த மாதிரி மருந்து நம்ம கடையில கிடையாது. எங்கயும் கிடைக்காது. போங்க." யார் எதற்குக் கேட்டாலும் இதே வாசகம்தான். அதைச் சொல்லச் சொல்ல, செய்த தப்புக்குப் பரிகாரம் செய்கிற மாதிரி ஒரு நிம்மதி.

"சரி அண்ணாச்சி"

அந்த வாசகம் பழகி ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை. பீடி சுற்றும் ஒரு அக்கா, எங்கள் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு, வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். கட்டுத் துணி, பஞ்சு, அப்புறம் மெட்ரோனிடசோல் மாத்திரை. மாத்திரை சாப்பிட இல்லை. வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய், கன்னம் வழியாக வெளியே புண்ணாகத் திறந்துவிட்டது. மெட்ரோனிடசோலைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் குறையும். அதை அவருக்குத் திருவனந்தபுரத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்து ஆட்கள் புற்றுநோய் என்றால் ஆரியங்காவு தாண்டிப் போவது காலங்காலமாக உள்ளதுதான். கரண்ட் வைத்து, கீமோ கொடுத்து, திரும்பவும் வந்துவிட்டது. இனிமேல் நோய்க்கு மருந்து இல்லை, வலிக்கு உண்டு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்குக் கட்டுத் துணி கேட்ட கையோடு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "இது இருக்கா அண்ணாச்சி?"

மார்ஃபின் 10 மி.கி. அபினியிலிருந்து எடுக்கும், கடும் வலிக்கான மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி படுக்கும்போது ரெண்டு. எழுத்து தெளிவாக இருந்தது, டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் முத்திரையும் இருந்தன, அடியில் ஒரு போன் நம்பரும் இருந்தது. இதில் எதையும் நான் அப்போது படிக்கவில்லை. மார்ஃபின் என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. வாய் தானாகத் திறந்துவிட்டது. "அந்த மாதிரி மருந்து நம்ம கடையில கிடையாது அக்கா. எங்கயும் கிடைக்காது." "போங்க" மட்டும் வரவில்லை. அந்த அளவுக்காவது நாக்குக்குத் தெரிந்திருந்தது.

அவர் மறுபேச்சு பேசவில்லை. அட்டையை உறைக்குள் திரும்ப வைத்து, "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கட்டுத் துணிக்கும் மெட்ரோனிடசோலுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் சொன்னது பொய்யும் இல்லை. எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் மார்ஃபின் வைப்பதில்லை. ஆனால் "எங்கயும் கிடைக்காது" என்று சொன்னேனே, அது எனக்கு எப்படித் தெரியும்?

காசு கொடுத்த மெட்ரோனிடசோலை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கடை அடைத்துவிட்டு ஒன்பதரை மணிக்கு பைக்கில் கொண்டுபோனேன். சந்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அலறல் இல்லை. அலறுவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே, அவரால் திறக்க முடியாது. மூச்சை விடும்போதெல்லாம் "ம்ம்" என்று ஒரு முனகல், ஒரே அளவில், நிற்காமல். உள்ளே அவர் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மழைக்குளிரில் பனியன் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் அந்த அக்கா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பீடிக் கடைக்குக் கணக்கு கொடுத்தாக வேண்டும். கண் புருஷன் மேல், விரல் இலையில்.

அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பேச முடியாததால் எழுதிக் காட்டுவதற்கு. எனக்கு வணக்கம் சொல்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். ஏதோ சொல்ல எழுதியிருக்கிறார் என்று நினைத்து எடுத்தேன். பக்கம் முழுக்க மணிகள்தான். 6, 10, 2, 6, 10. அடுத்த வரியிலும் 6, 10, 2, 6, 10. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் ஒரு டிக். ராத்திரிப் பத்துக்கு மட்டும் ரெண்டு டிக். புரட்டிக்கொண்டே வந்தேன். மூன்று நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் ரெண்டு மணியோடு டிக் நின்றுவிட்டது. மணிகள் நிற்கவில்லை. மாத்திரை தீர்ந்த பிறகும் ஆறு, பத்து, ரெண்டு என்று எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"எப்ப அக்கா தீந்துச்சு?"

"மூணு நாளாச்சு. மழைல மலப்பாத அடைச்சிட்டாவ, பஸ் ஓடல. இவுகளுக்கு வயித்தாலயும் போவுது. என்ன செய்யன்னு தெரியல."

வேர்வை, பேதி, உடம்பு முழுக்க ஒரு பதைப்பு. இது எதனால் என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். மார்ஃபின் பழகிய உடம்பில் மார்ஃபினைச் சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். போதையில் இருந்தவனுக்கு மருந்து கிடைக்காவிட்டாலும் இதேதான் ஆகும். உடம்புக்கு ரெண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் இந்த மனுஷன் கேட்டது என்ன? உட்கார்ந்தபடியாவது ரெண்டு மணி நேரம் கண் அசர வேண்டும், பெண்டாட்டி கையால் கஞ்சி ரெண்டு கரண்டி இறங்க வேண்டும். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவதும், மனசு அந்த மருந்தின் பின்னால் ஓடுவதும் வேறு வேறு. பாடத்தில் படித்ததுதான் இது. ஆனால் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உண்மையில் புரிந்தது.

அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு நர்ஸ் எடுத்தார். மலையாளம் கலந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக எப்போது கொடுத்தது, எத்தனை, சிறுநீர் போகிறதா, ஆள் தெளிவாக இருக்கிறாரா. எல்லாம் கேட்டுவிட்டு, "பாதை அடைச்சால் எதுக்கு இங்கே வரணும்? திருநெல்வேலியில் கிடைக்குமே. யாரும் சொல்லித் தரலையா?" என்றார்.

திருநெல்வேலி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சரக்கு எடுக்க வாரம் ஒரு தடவை போய்வரும் ஊர். இத்தனை வருஷமாக மருந்து விற்கிறவன் நான். எனக்கே தெரியாது.

இரும்பு அலமாரியும் நாலு கேள்வியும்

மறுநாள் காலையில் அந்த அக்காவை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். திருவனந்தபுரத்து டாக்டர் இங்கே உள்ள டாக்டருக்கு முன்கூட்டியே பேசியிருந்தார். நான் மனசில் என்னென்னவோ நினைத்துப் போனேன். போலீஸ் கெடுபிடி, பத்து கையெழுத்து, சந்தேகப் பார்வை என்று. அங்கே இருந்தது ஒரு சின்ன அறை, ரெட்டைப் பூட்டுப் போட்ட ஒரு இரும்பு அலமாரி, ஒரு தடித்த பதிவேடு, அவ்வளவுதான்.

டாக்டர் அம்மா அட்டையைப் படித்துவிட்டு அக்காவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். வலி எங்கே ஆரம்பித்து எங்கே ஓடுகிறது? மாத்திரை போட்ட பிறகு எத்தனை மணி நேரம் தாங்குகிறது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குடிக்கிற ஆள் உண்டா? மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

"ரெண்டு பேருதான்மா. மவன் திருப்பூர்ல இருக்கான். மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்."

"நல்ல இடம்தான். காலி அட்டையெல்லாம் கொண்டு வந்தீங்களா?"

கொண்டு வந்திருந்தார். ஒன்று விடாமல் ரப்பர் பேண்டு போட்டு. நர்ஸ் எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். மூன்று நாள் விட்டுப்போனதால் எந்த அளவில் திரும்ப ஆரம்பிப்பது, மயக்கம் கூடினால் என்ன செய்வது என்று டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மலச்சிக்கலுக்கு மருந்து தனியாக எழுதி, "இத விட்டுட்டு அத மட்டும் குடுக்கக் கூடாது" என்று ரெண்டு தடவை சொன்னார். இருப்பில் கழித்து, மிச்சம் எழுதி, கையெழுத்து. மொத்தம் நாற்பது நிமிஷம் இருக்கும். அந்த அக்காவை யாரும் திருடியாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு மாத்திரைகூட யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் அந்த அறையை விட்டுப் போகவும் முடியாது.

நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வலி எப்படி இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், மிச்சம் எத்தனை, காலி அட்டை எங்கே. இந்த நாலு கேள்வியை அந்தப் பையனிடம் ரெண்டாவது தடவை வந்தபோதே நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் மாட்டியிருப்பான், அல்லது அழுதிருப்பான். அவனை அன்றைக்கே யாரிடமாவது அனுப்பியிருக்கலாம். அவனிடம் எதையும் கேட்காமல் கொடுத்தேன். இந்த அக்காவிடம் எதையும் கேட்காமல் இல்லை என்றேன். முதலில் செய்த தப்பைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, அதே தப்பைத்தான் இன்னொரு பக்கமாகத் திருப்பிச் செய்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் பத்து மணிக்குப் பக்கத்தில் டிக் விழுந்தது.

பயம் எங்கிருந்து வந்தது

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நமக்கு வந்த இந்தப் பயம் தானாக வந்தது இல்லை. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தது. குறைந்தது பத்து வருஷம் சிறை என்றது சட்டம். மார்ஃபின் வாங்க, வைக்க, கொண்டுபோக என்று வேறு வேறு உரிமம், வேறு வேறு இலாகா. ஒரு உரிமம் கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். எதற்கு வம்பு என்று ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக வைப்பதையே விட்டுவிட்டன. 1997-ல் இந்தியா முழுக்கச் சேர்த்து மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. நாட்டில் அன்றைக்கே 90 கோடிக்கு மேல் ஜனம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு அபினி விளைகிறது, நீமச்சிலும் காஜிபூரிலும் அரசாங்க ஆலை இருக்கிறது, இங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகிறது. வீட்டில் குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா அதே செடியின் விதைதான். செடி நம்முடையது, வலியும் நம்முடையது, நடுவில் மருந்து மட்டும் இல்லை. இன்னொரு கொடுமை, மார்ஃபின் மாத்திரை விலை மலிவு. லாபம் இல்லாத பொருளுக்காகப் பத்து வருஷ ஜெயில் பயத்தை யார் சுமப்பார்கள்?

அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்து நின்றவர்கள் இருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் சின்னதாக ஒரு மையம் ஆரம்பித்தார்கள். நோயாளியின் வீட்டுக்கே மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். ரெண்டு வருஷத்தில் 1,723 நோயாளிகள். மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு சம்பவமும் தெரியவரவில்லை என்று 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதைப் படித்தபோது அந்த அரிசிப் பானையும் ரப்பர் பேண்டு போட்ட காலி அட்டையும்தான் ஞாபகம் வந்தது. கேரள அரசு 2008-ல் இதற்கென்றே ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய போதை மருந்துகள் என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு வலி மருந்துகளை மத்திய அரசு அதில் சேர்த்தது. இப்போது ஒரு ஆஸ்பத்திரிக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரு அங்கீகாரம் போதும்.

சட்டம் மாறியது, வாய் மாறவில்லை. 2014-ல் மாறிய சட்டம் 2022-ல் என் மேஜைக்கு வந்து சேரவில்லை. 2017-ல் வந்த லான்செட் ஆணைய அறிக்கையில் இந்தியாவுக்குக் கிடைப்பது தேவையில் 4 சதவீதம் என்று இருக்கிறது. கடும் வேதனையில் இருக்கும் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு மார்ஃபின் கணக்கில் 43 மி.கி. அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கே 60 மி.கி. வேண்டியிருந்தது. வருஷத்துக்கு என்று எழுதியிருப்பது அவருக்கு ஒரே நாளில், ராத்திரி மாத்திரைக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும்.

இதைச் சொன்னால் உடனே அமெரிக்காவைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். அதே அறிக்கையில் அமெரிக்காவின் கணக்கு 55,000 மி.கி. 1996-ல் அங்கே ஆக்ஸிகான்டின் என்ற, மார்ஃபின் வகை வலி மாத்திரை வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றி 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த அஞ்சு வாக்கியக் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி, இந்த மருந்துகளுக்கு அடிமையாகிறவர்கள் அபூர்வம் என்று டாக்டர்களை நம்ப வைத்தார்கள். முதுகுவலி, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் எழுதினார்கள். தயாரித்த கம்பெனி 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-ல் போதை மருந்து அளவு மீறி அங்கே ஒரே வருஷத்தில் லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பெரும்பகுதி கள்ளத்தனமாக வந்த ஃபென்டனில். ஆனால் அங்கேயும் கதை அதோடு நிற்கவில்லை. 2016-ல் அரசு நிறுவனம் இந்த மருந்துகளை எப்படி எழுதுவது என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டதும், பயந்துபோன டாக்டர்கள் வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சட்டென்று நிறுத்தினார்கள். மூன்று நாள் மாத்திரை இல்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தவரைப் பார்த்த எனக்கு, அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழிகாட்டியை 2022-ல் திருத்தி எழுதினார்கள். அங்கே முதலில் கேட்காமல் கொடுத்தார்கள், அப்புறம் கேட்காமல் நிறுத்தினார்கள். ஒரு நாடே செய்த தப்பு என் கடை மேஜையில் நடந்த அதே தப்பு.

அதனால்தான் கைதட்ட முடியவில்லை. டேப்பென்டடாலுக்குக் கடிவாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், இன்னும் கடுமையாக வேண்டும். அந்தப் பையனின் கையைப் பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒரு மருந்தை லிஸ்டில் சேர்க்கிற அன்றைக்கே, நிஜ நோயாளி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் அந்த இரும்பு அலமாரி இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு அந்த அலமாரி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும், மார்ஃபின் எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்று. என் கடையில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் அப்புறமாகப் போன் செய்து அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கையில் கட்டோடு வந்த அந்தக் கடைக்காரரும் அதில் ஒருவர்.

பதினாலு

அவர் தை பிறந்து ரெண்டாவது வாரம் இறந்தார். தூக்கத்தில். கடைசி ஒரு மாசம் கிராமத்து நர்ஸ் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனார். பொங்கலன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலைக் கரைத்து ரெண்டு கரண்டி குடித்தார் என்று அந்த அக்கா சொன்னார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ரெண்டு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். கட்டுத் துணி கேட்கவில்லை. அரிசிப் பானையில் வைத்திருந்த டப்பாவை மேஜையில் வைத்தார். "மிச்சம் இருக்கு அண்ணாச்சி. பதினாலு. இத எங்க குடுக்கணும்?"

நான் வாங்கக் கூடாது என்று சொன்னேன். திருநெல்வேலியில்தான் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டார், கூடாது என்றேன். வீசிவிடலாமா என்று கேட்கவே இல்லை. சனிக்கிழமை சரக்கு எடுக்கப் போகும்போது கூட வருகிறேன் என்றார்.

அதே அறை, அதே அலமாரி. நர்ஸ் டப்பாவைத் திறந்து மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினார். அந்த அக்கா நிற்கவில்லை, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீடிக் கட்டு எண்ணும் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி அவரும் கூட எண்ணினார். பதினாலு. நர்ஸ் இன்னொரு தடவை எண்ணினார். பதினாலு. பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி, திரும்ப வந்தது 14 என்று எழுதி, கீழே கோடு போட்டார். கையெழுத்து போடச் சொன்னார். அக்கா மை தொட்டுப் பெருவிரலை வைத்தார்.

பையிலிருந்து அந்த நோட்டையும் எடுத்து, "இதும் வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம், நீங்களே வச்சிக்கோங்க என்றார் நர்ஸ். சாயங்காலம் கடைக்குப் பீடிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்தோம்.